வேலை நேரத்தில் ஆண்டவரை மறந்துபோகிறேன், வழி சொல்லுங்கள்
காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபிக்கும் எனக்கு, கணினியைத் திறந்தபின் இரவு படுக்கும்வரை கர்த்தரின் நினைவே வருவதில்லை. எட்டு மாதங்களாக இதே நிலைதான். தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்ததைப் பின்பற்றி (தானியேல் 6:10) கைபேசியில் மூன்று முறை மணி ஒலிக்க வைத்தேன். இரண்டாம் வாரத்திலேயே, கண் திரையை விட்டு விலகாமல், விரல் தானாக அதை அணைக்கத் தொடங்கிவிட்டது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற வசனத்தை (கொலோசெயர் 3:23-24) எழுதித் திரையோரம் ஒட்டினேன், இப்போது அது கண்ணில் படுவதே இல்லை. சக ஊழியரிடம் கடிந்து பேசி முடித்த பிறகே, ஆண்டவர் அருகில் இருந்தார் என்பது உறைக்கிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். ராஜாவுக்குப் பதில் சொல்லுமுன் நெகேமியா ஜெபித்தாரே (நெகேமியா 2:4), அந்த ஒரு கணம் எனக்கு வேண்டும். வாய் திறப்பதற்கு முன்பே ஆண்டவரை நோக்கித் திரும்பும் பழக்கம் உங்களுக்கு எப்படி வந்தது?