கொரோனா ஊசி: ஒரு நாட்டுல குப்பைக்கு, இன்னொரு நாட்டுல க்யூ. உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

நைட்டூட்டி
2021 மே. அமெரிக்கால ஒரு ஊசி சென்டர்ல வாலன்டியரா இருந்தேன். சாயங்காலமாயிடுச்சு, ஆளே வரல. ஃபைசர் குப்பி கதை தெரியும்ல, உப்புத்தண்ணி கலந்துட்டா ஆறு மணி நேரம்தான் தாங்கும். ஒரு குப்பில 6 டோஸ், அதுல ரெண்டு பேருக்குத்தான் போட்டிருந்தோம். பார்க்கிங்ல போற வர்றவங்களயெல்லாம் கூப்ட்டுப் பாத்தாச்சு, ஒருத்தர் கார் கண்ணாடிய இறக்கி 'அடுத்த வாரம் பாக்கலாம்'னுட்டு போயிட்டார். சூப்பர்வைசரம்மா மணி பாத்தாங்க, 'தூக்கிப் போட்டுடு'ன்னாங்க. பழைய ஊசியெல்லாம் போடற சிவப்பு குப்பை டப்பால போட்டேன், டொக்குனு ஒரு சத்தம். அந்நேரம் பாத்து தம்பி வீடியோ கால். இந்தியால விடிஞ்சும் விடியாம அஞ்சரை மணி, பதினெட்டு வயசுக்கு மேல எல்லாருக்கும்னு அறிவிச்ச புதுசு, க்யூல நிக்கறான். கேட்டே இன்னும் தெறக்கல, ஆனா 'ஸ்டாக் இல்லை'னு அட்டை மட்டும் தொங்குது, அதத்தான் போன்ல காட்டறான், சிரிச்சுக்கிட்டே. நான் இப்பதான் நாலு டோஸ தூக்கிப் போட்டேன்னு அவன்ட்ட சொல்லல. இன்னிவரைக்கும் சொல்லல.

கடலோடி76
நமக்கு நேர் எதிர். 2021 ஜூன்ல அமெரிக்க போர்ட்ல நின்னப்ப மாலுமிங்களுக்கு உதவற சீமேன்ஸ் மிஷன் வேன் வந்து கப்பல்ல இருந்த எல்லாரையும் கூட்டிட்டுப் போய் ஜான்சன் ஊசி போட்டு விட்டாங்க, எந்த நாட்டு பாஸ்போர்ட்னுகூட கேக்கல, ஒரே ஊசி வேலை முடிஞ்சுது. வீட்ல யாருக்கும் கிடைக்காதது எனக்கு கிடைச்சுதேனு இருந்துச்சு. ஆனா சொல்ல வந்தது அது இல்ல. ஆகஸ்ட்ல மேற்கு ஆப்பிரிக்கால ஒரு போர்ட். கப்பல துறைமுகத்துக்குள்ள வழிகாட்டிக் கூட்டிட்டுப் போற பைலட் கயித்து ஏணில ஏறி வந்தார், அம்பது வயசுக்கு மேல இருக்கும், ரெண்டு மாஸ்க், ஒண்ணு மேல ஒண்ணு. ஒரு நாளைக்கு மூணு நாலு கப்பல் ஏறுவாராம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாட்டுலேந்து வர்றது, யாருக்கு என்ன இருக்குனு யாருக்குத் தெரியும். கப்பல ஓட்டற ரூம்ல, அதான் பிரிட்ஜ்ல, எங்க ஊசி அட்டையெல்லாம் ஃபைல்ல வரிசையா இருந்துச்சு, அத ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்தார். பாத்துட்டு கேப்டன்ட்ட மெதுவா கேட்டார், 'கப்பல் மருந்துப் பெட்டில ஒண்ணு மிச்சம் இருக்குமா?' இல்லைன்னாரு கேப்டன். சரின்னு தலைய ஆட்டிட்டு, 'டெட் ஸ்லோ அஹெட்'னு, அதாவது ரொம்ப மெதுவா முன்னாடி போகச் சொல்லி, ஆர்டர் குடுத்து வேலைய பாக்க ஆரம்பிச்சுட்டார்.

தர்க்கன்
நைட்டூட்டி, நீங்க தேவையில்லாம மனச போட்டு குழப்பிக்கறீங்க. கலந்த குப்பிய ஃப்ளைட்ல அனுப்ப முடியாது, அந்த நாலு டோஸ் உங்க தம்பிக்கு எந்தக் காலத்துலயும் போயிருக்காது. விஷயம் அங்க இல்ல, ஆர்டர்ல இருக்கு. ஊசி வர்றதுக்கு முன்னாடியே பணக்கார நாடுங்க ஒப்பந்தம் போட்டு வளைச்சுட்டாங்க, கனடா தன் ஜனத்தொகைக்கு பல மடங்கு புக் பண்ணி வெச்சிருந்துச்சு. 2021 ஜனவரில உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கா? 49 பணக்கார நாட்டுல 3.9 கோடி டோஸ் போட்டாச்சு, ஒரு ஏழை நாட்டுல வெறும் 25. இருபத்தஞ்சு கோடியோ லட்சமோ இல்ல, 25 ஊசி. ஊசி காப்புரிமைய தற்காலிகமா நிறுத்துங்கன்னு உலக வர்த்தக அமைப்புல இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபர்லயே கேட்டாங்க, 2022 ஜூன்ல அரைகுறையா ஒண்ணு குடுத்தாங்க, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

என் கதை சின்னது. 2021 அக்டோபர் முதல் வாரம் இங்கிலாந்து போனேன். ரெண்டு கோவிஷீல்ட் போட்டாச்சு. அவங்க லிஸ்ட்ல கோவிஷீல்ட் இருக்கு, ஆனா இந்தியா இல்ல! அதனால நான் ஊசியே போடாதவன் கணக்கு, பத்து நாள் ரூம்ல அடை, ரெண்டாம் நாள் எட்டாம் நாள் டெஸ்ட். இத்தனைக்கும் அந்த வருஷம் கோவிஷீல்ட் தயாரிக்கற புனேலேந்து அவங்களுக்கே 50 லட்சம் டோஸ் போயிருக்கு. எனக்கு முன்னாடி க்யூல நின்ன இங்கிலாந்துக்கார ஆளு கைல ஏறினதும் அதே புனே சரக்கா இருக்கலாம், அவர் டாக்ஸி பிடிச்சு போயிட்டார். நம்ம அரசாங்கம் பதிலுக்கு அவங்களுக்கும் பத்து நாள் போட்டுச்சு, 11ம் தேதிலேந்து அவங்க விதிய மாத்திட்டாங்க. நான் அதுக்குள்ள போய் மாட்டினேன்.

இப்ப எல்லாரும் ஒண்ணு பண்ணுங்க. பழைய சர்டிபிகேட்ட தூக்கிப் போடாதீங்க. பிடிஎஃப் ஒரு காப்பி மெயில்ல, ஒரு பிரின்ட் பாஸ்போர்ட் கவர்ல. பேச் நம்பர் இருக்கானு பாருங்க, பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும், அப்பல்லாம் இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறினாலே கவுன்ட்டர்ல நிக்க வெச்சான். பிறந்த தேதியும் முழுசா கேட்டான், வருஷம் மட்டும் போதல. மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்ட புக் இருந்தா அதையும் சேத்து வெச்சுக்கங்க. லேமினேட் மட்டும் பண்ணாதீங்க, அடுத்த டோஸ எங்க எழுதுவான்?

வடலி
தர்க்கன் அண்ணை, லேமினேட் எண்டோன்ன அம்மாதான் ஞாபகம் வந்தவ, அவ அதைத்தான் செய்தவ. கொழும்பில இருந்தபடியா 2021 மார்ச்சிலயே முதல் கோவிஷீல்ட் கிடைச்சிட்டுது. 12 கிழமையில ரெண்டாவது எண்டு கார்ட்டில எழுதிக் குடுத்தவை. பிறகு இந்தியாவில அலை அடிச்சு ஏற்றுமதி நிண்டு போச்சு, இங்க ஆறு லட்சம் பேர் மட்டில ஒரு ஊசியோட தொங்கிக்கொண்டு நிண்டவை. சீன ஊசி வந்தது, ஆனா அது முதல் ஊசிக்காரருக்கு. அம்மா கலண்டரில 12 கிழமைய சிவப்பால சுத்தி வைச்சிருந்தவ, அது போக 13, 14, பிறகு சுத்திறத விட்டிட்டா. ஜூலை கடைசியில ஜப்பான்காரர் அனுப்பினது வந்து, ஓகஸ்டிலதான் போட்டவ. அங்க இருந்த நேர்ஸ் பிள்ளை லேமினேட் பண்ணின கார்ட்டில பேனையால எழுதப் பாக்குது, மை பிடிக்கேல்ல, வழுக்குது. அம்மா சொன்னாவாம், 'பரவாயில்லை பிள்ளை, ஊசி கைக்குத்தானே'.

சரக்குபெட்டி
ஒரு விஷயத்துல தர்க்கன் கூட ஒத்துப் போக மாட்டேன். எல்லாம் ஆர்டர்லயே முடிஞ்சுதுன்றீங்க, அதுக்கப்புறமும் நடந்துச்சு. நான் ஏர்கார்கோல குளிர் அறை ஷிஃப்ட் பாத்தவன். 2021 கடைசில ஐரோப்பாலேந்து ஆப்பிரிக்கா போற நன்கொடை பெட்டி ஒண்ணு, ஸ்டிக்கர்ல காலாவதி தேதி பாக்கறேன், இன்னும் இருபத்திரண்டு நாள்! இது இறங்கி, கஸ்டம்ஸ் முடிஞ்சு, தலைநகர்லேந்து கிராமத்துக்குப் போய், ஐஸ் பெட்டி தேடி, ஆளச் சேத்து எப்பங்க போடறது. திருப்பி திருப்பி எண்ணிப் பாத்தேன், தேதிய மாத்திப் படிச்சுட்டனோன்னு. அந்த டிசம்பர்ல நைஜீரியா பத்து லட்சத்துக்கு மேல காலாவதியான டோஸ குப்பைக்கிடங்குல அழிச்சுது, உடனே எங்க ஆபீஸ்லயே ஒருத்தர், 'பாத்தியா, குடுத்தாலும் போட்டுக்க மாட்டாங்க'. பத்து வாரமாவது ஆயுசு இருக்கறத அனுப்புங்கன்னு ஆப்பிரிக்கக்காரங்களும் உலக சுகாதார நிறுவனமும் நவம்பர்லயே கெஞ்சியிருந்தாங்க, அது அவர் காதுல விழல. கடலோடி சார், நீங்க போட்ட ஜான்சன் தென்னாப்பிரிக்காலயும் குப்பில அடைச்சாங்க, 2021ல அங்க அடைச்சத ஐரோப்பாக்கு ஏத்துமதி பண்ணாங்க. அங்கேந்து ஐரோப்பாக்கு, ஐரோப்பாலேந்து திரும்ப ஆப்பிரிக்காக்கு, காலாவதி ஆகப் போற நேரத்துல. சரக்குப் போக்குவரத்துக்காரன் நான் என்னத்த சொல்ல.

நைட்டூட்டி
கடலோடி, அந்த பைலட்டுக்கு அப்புறம் கிடைச்சுதா?

கடலோடி76
தெரியலங்க. நான் அப்புறம் வேற லைனுக்கு மாறிட்டேன், அந்தப் பக்கம் போகவே இல்ல. பேர்கூட கேக்கல.

தர்க்கன்
வடலி, லேமினேட்ட பிரிச்சுப் பாக்கலாம், ஹேர் டிரையர லோ ஹீட்ல வெச்சு ஓரத்துலேந்து மெதுவா. அவசரப்பட்டா எழுத்தும் சேர்ந்து வந்துடும்.