தண்ணீர் பீறிட்டதா, வெடித்ததா, பீச்சியடித்ததா?

உளுந்துக்காரி, விசுவமடு

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கும் அவளின் தமிழ் ரீச்சருக்கும் இடையில் தொடங்கிய பிரச்சினை இது. இப்போது என் அம்மாவும் உள்ளே வந்துவிட்டா.

போன கிழமை மிளகாய்க்கு இறைத்துக்கொண்டிருந்தோம். மிசினிலிருந்து பாத்திக்குப் போகிற குழாய் பழசு. ஒரு இடத்தில் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தேன். மகள் குனிந்து, கட்டு இறுக்கமா என்று தொட்டுப் பார்க்கிற நேரம் பார்த்து அது விட்டுப்போக, முழுத் தண்ணீரும் அவளின் முகத்தில். "அம்மா, வெடிச்சிட்டுது" என்று அவள் கத்திய கத்தில் பக்கத்துக் காணி அண்ணை மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். குழாய்தான் என்று கண்டதும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். நான் சிரித்ததற்கு மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்தில் மறக்க முடியாத சம்பவம் எழுதச் சொன்னதும் இதைத்தான் எழுதினாள். 'தண்ணீர் வெடித்து வந்து முகத்தில் அடித்தது.' ரீச்சர் 'வெடித்து' என்பதை வெட்டி, மேலே சிவப்பில் 'பீறிட்டு' என்று எழுதி அனுப்பியிருக்கிறா. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பீறினது சீலையெல்லோ? தண்ணி எப்பிடிப் பீறும்? பீச்சியடிச்சது எண்டு எழுது பிள்ளை" என்கிறா. என்னைக் கேட்டால் நான் 'குபீரெண்டு வந்தது' என்றுதான் சொல்லுவேன். ஒரு வீட்டுக்குள் இத்தனை சொல். எதை எழுதுகிறது?

வான்கதவு, கிளிநொச்சி

குளத்தோடு வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்களுக்குத் தண்ணீரைப் பற்றிய சொல் பிழைத்தால் அலுவலே பிழைத்துவிடும்.

குளக்கட்டில் 'கசியுது' என்றால் சரி, விடிய வந்து பார்க்கலாம். 'ஊத்தெடுக்குது' என்றால் உடனே போய், வருகிறது தெளிந்த தண்ணீரா கலங்கலா என்று பார்க்க வேண்டும். கலங்கல் என்றால் கட்டுக்குள்ளே இருக்கிற மண் கரைந்து வருகிறது. 'பீச்சுது' என்றால் மண்மூட்டையோடு ஓட வேண்டும். 'உடைப்பெடுத்திட்டுது' என்றாலும் ஓடத்தான் வேண்டும், மூட்டை இல்லாமல்.

இதில் சேராதது 'வான் பாயுது'. அங்கே ஒன்றுமே உடையவில்லை, தண்ணீர் தனக்கென்று கட்டிவிட்ட வழியால் போகிறது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தபோது வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் எல்லாரும் போன் எடுத்து, "குளம் உடைச்சிட்டுதாமே?" என்று கேட்டார்கள். கனகராயன் ஆறு அவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியது உண்மை. ஆனால் பாய்ந்ததற்கும் உடைத்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதில் ரொறன்ரோவில் ஒரு மாமி மயங்கி விழுந்துவிட்டா.

உங்கள் விசயத்துக்கு வருகிறேன். எது மறித்து வைத்திருந்தது, அதற்கு என்ன நடந்தது என்று பாருங்கள். சின்ன ஓட்டையால் வந்திருந்தால் அம்மா சொன்ன பீச்சியடித்ததுதான். குழாய் பிளந்திருந்தால் வெடித்தது குழாய். தண்ணீர் எங்கே வெடிக்கப் போகிறது?

பழைய வாத்தி, வவுனியா

அம்மாவின் சீலையும் ரீச்சரின் தண்ணீரும் ஒரே சொல்தான் தங்கச்சி. பீறு என்றால் கிழி. கிழிசலைப் பீறல் என்றும் பீத்தல் என்றும் சொல்கிறோம். வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'பீறுண்டது' என்று வந்தால் காட்டு மிருகம் கிழித்துப் போட்ட ஆடுமாடு. பீறோடு 'இடு' சேர்ந்ததும், கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது என்று ஆகிவிட்டது. ரத்தம் பீறிடும், அழுகை பீறிடும். ஆகவே உள்ளே இருந்து தள்ளுகிற வேகம் வேண்டும், கிழிபட ஒரு தோலும் வேண்டும். கட்டு நழுவி வந்த தண்ணீருக்கு அது கொஞ்சம் கூடிப்போன சொல் என்பது என் அபிப்பிராயம். இதற்குள் வீறிடு வேறு வந்து குழப்பும். 'குழந்தை பீறிட்டு அழுதது' என்று எத்தனை விடைத்தாளில் திருத்தியிருக்கிறேன்!

வெடிக்கு இன்னொரு குணம் உண்டு. பானை உடைந்தது, பானையை உடைத்தான் என்று இரண்டு பக்கமும் சொல்லலாம். குழாய் வெடித்தது என்று சொல்லலாம், ஆனால் 'குழாயை வெடித்தான்' என்று சொல்ல முடியாது, வெடிக்க வைத்தான் என்றுதான் வரும். தானாக நடக்கிறதற்குரிய வினை அது. உளுந்துக்காரிக்குத் தெரியாததா? முற்றிய நெற்றை மத்தியான வெயிலில் போய்த் தொட்டால் கைக்குள்ளேயே வெடித்து, மணி நிலத்தில்.

உங்கள் 'குபீர்' பேச்சுவழக்குத்தானே என்று ஒதுக்க வேண்டாம். குபீரென்று, சடாரென்று, திடீரென்று என்று வருகிறபோது வேகத்தை முழுக்க ஒலி எடுத்துக்கொள்கிறது. பின்னால் 'வந்தது' என்ற சாதாரண வினை போதும். எழுத வந்தால் மட்டும் ஒலியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய வினையாகத் தேடுகிறோம்.

பனங்கூடல், முள்ளியவளை

வாத்தியாரே, வெடிக்கிறது எல்லாம் சத்தத்தோடும் வேகத்தோடுமா நடக்கிறது? ஆடி ஆவணியில் எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும். கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மாதக் கணக்காக, ஒரு சத்தமும் இல்லாமல் வெடிக்கிறது. பானையும் அப்படித்தான், அடியில் மயிர் அளவில் வெடித்திருந்தாலும் வெடித்ததுதான்.

அப்புறம், பொங்குகிறதை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலடியில் போய் நின்று பாருங்கள். பொங்குகிறதற்கு எதுவும் உடையத் தேவையில்லை, விளிம்பைத் தாண்டினால் போதும். பானை பொங்கினால் சந்தோசம். அதே பானை வெடித்தால் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது.

உளுந்துக்காரி, விசுவமடு

எல்லாருக்கும் நன்றி. உளுந்து கதை உண்மைதான், பனி காய முன்னம் போய்ப் பிடுங்கிவிடுவோம். வெயில் ஏறினால் பாதி நிலத்துக்கு.

வான்கதவு அண்ணை சொன்னதை வாசித்த பிறகுதான் எனக்குப் பக்கத்துக் காணி அண்ணை ஓடி வந்தது விளங்கியது. மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைகளுக்கு இந்தப் பக்கத்தால் நடந்து திரிந்த ஆட்கள் நாங்கள். எங்கள் காதில் அந்த வினை தனியாக விழுந்தால், எது வெடித்தது என்று கேட்க முன்னம் கால் ஓடிவிடும். மகள் 2009க்குப் பிறகு பிறந்தவள். அவளுக்கு ரியூப்பும் வெடிக்கும், சிரிப்பும் வெடிக்கும். அவளைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் திருத்தி எழுதியது இது: 'கட்டு விட்டுப்போக, தண்ணீர் குபீரென்று வந்து முகத்தில் அடித்தது.' ரீச்சர் சரி போட்டுவிட்டா. அம்மா இன்னும் பீச்சியடித்ததில்தான் நிற்கிறா. குழாய் புதிது வாங்கவில்லை. ரியூப்பை இன்னும் இரண்டு சுற்றுக் கூடச் சுற்றியிருக்கிறேன்.