மதத்தைத் தொலைத்த அந்தப் பாட்டை, அதாவது அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம்.மின் 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டை, முதலில் எங்கே கேட்டீர்கள்?

பாளையங்கோட்டைக்காரன்:
ஹாஸ்டல் டிவி அறைக்குக் கேபிள் வந்த புதிது. ஒரு ராத்திரி யாரோ சேனல் மாற்ற, ஒல்லியான ஒரு ஆள் கையையும் காலையும் உதறி ஆடிக்கொண்டிருந்தார். பின்னால் மாண்டலின் ஓடிக்கொண்டிருந்தது. ராக் பாட்டில் மாண்டலினா என்று நின்றவன்தான், மாதக் கடைசியில் மெஸ் காசை மிச்சம் பிடித்துக் கேசட்டே வாங்கிவிட்டேன். ஆர்.இ.எம். குழுவின் 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பம், 1991.

லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோனது தப்பு. அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு. 'லூசிங் மை ரிலிஜன்' என்ற இடத்தில் விரல் நின்றது. "மதத்தைத் தொலைக்கிறதுக்கா ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுறேன்?" ஒரு வாரம் டேப் ரெக்கார்டர் பீரோவுக்குள் இருந்தது. நானும் அதை நாத்திகப் பாட்டு என்றே நம்பி, நண்பர்களிடம் பெரிய புரட்சிக்காரன் மாதிரி பேசித் திரிந்தேன். உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

அட்லாண்டாவாசி:
அந்தப் பாட்டில் மதமே கிடையாது, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இங்கே வந்த புதிதில் எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி, ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பேரன் சாவியைக் காருக்குள் வைத்தே பூட்டிவிட்டான், மூன்றாவது தடவையாக. "இவனால நான் என் ரிலிஜனையே தொலைக்கப் போறேன்!" என்று கத்தினார். நான் பதறிப்போய்ப் பார்த்தேன். அவர் மகள் சிரித்துக்கொண்டே விளக்கினார். அமெரிக்காவின் தென்மாநிலப் பேச்சில், பொறுமை போய் வாயில் கெட்ட வார்த்தை வரப்போகிற கட்டத்தை அப்படித்தான் சொல்வார்களாம்.

பாடகர் மைக்கேல் ஸ்டைப்பும் இந்த விளக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறார். ஒருதலைக் காதல் பாட்டு. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவிக்கிறவனின் புலம்பல், அவ்வளவுதான்.

ஆனால் வேடிக்கை கேளுங்கள். அந்தக் குழுவின் ஊரான ஏதென்ஸ் (கிரேக்கத்தில் இல்லை, இதே ஜார்ஜியா மாநிலத்தில்) இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். 1980 ஏப்ரல் 5 அன்று அவர்கள் முதன்முதலாக வாசித்தது வழிபாடு நின்றுபோன ஒரு பழைய சர்ச்சில், ஒரு தோழியின் பிறந்தநாள் விருந்துக்காக. இப்போது அங்கே செங்கல் கோபுரம் மட்டும் நிற்கிறது, சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற என்னை அங்கே குடியிருக்கும் ஒருவர் கண்டுகொள்ளவே இல்லை. தினம் பத்துப் பேரைப் பார்த்திருப்பார் போல.

பாளையங்கோட்டைக்காரன்:
அடடா! அவர்களுக்கு மதம் போனால் கோபம். நம்மூரில் யானைக்கு மதம் பிடித்தால் அல்லவா கோபம்! அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்.

எட்டுக்கம்பி:
நான் ஸ்ரீனிவாஸ் கேட்டு மாண்டலின் கற்றுக்கொள்ளப் போனவன். கச்சேரி அளவுக்கு விரல் வரவில்லை. இந்தப் பாட்டுதான் என்னைக் காப்பாற்றியது.

காரணம், இது கற்றுக்குட்டி கண்டுபிடித்த மெட்டு. கிட்டார்காரர் பீட்டர் பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கி, டிவி பார்த்துக்கொண்டே தட்டித் தடவிப் பழகியிருக்கிறார். பக்கத்தில் டேப் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் போட்டுக் கேட்டால், தப்புத் தப்பான பயிற்சிகளுக்கு நடுவே இந்தத் துண்டு இருந்ததாம்.

வாசித்துப் பார்த்தால்தான் ஒன்று புரியும். மாண்டலின் மேலே கீச்சென்று நிற்கும், மைக் மில்ஸின் பேஸ் கிட்டார் கீழே கிடக்கும், நடுவில் பொந்து. அதை அடைக்கத்தான் பீட்டர் ஹோல்சாப்பிள் என்ற இன்னொரு கலைஞரைக் கூப்பிட்டு அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்க வைத்தார்கள். ஹெட்போனில் கேளுங்கள், அந்தக் கிட்டார் தனியாகத் தெரியாது. ஆனால் நான் மாண்டலினை மட்டும் வைத்து மொட்டை மாடியில் வாசித்தபோது, பாட்டு பாதி உடம்போடு வந்த மாதிரி இருந்தது. இன்னொன்று, இதில் பல்லவி என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமே இல்லை. இதையா ஆல்பத்தின் முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, விடுவது என்று கம்பெனி தயங்கியதில் ஆச்சரியம் இல்லை. கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் நாலாவது இடம்!

பரங்கிமலை:
எல்லாரும் மாண்டலினையே பிடித்துக்கொண்டால் எப்படி? எனக்கு அது வீடியோதான். எடுத்தவர் தர்சேம் சிங், ஜலந்தரில் பிறந்தவர். பால் ஜாடி விழுந்து உடையும், சிறகு முளைத்த கிழவர் ஒருவர் கீழே விழுவார் (எழுத்தாளர் மார்க்கேஸின் சிறுகதையிலிருந்து வந்தவர்), அம்பு தைத்த புனிதர் செபஸ்தியார் வருவார், நம் சாமி படங்களின் சாயலும் உண்டு. நடுவே ஒருவன் இன்னொருவரின் காயத்தில் விரல் வைப்பான். சின்ன வயதில் பார்த்ததுமே கத்திவிட்டேன், "அம்மா, நம்ம தோமையார்!" பரங்கிமலை அடிவாரத்தில் வளர்ந்தவளுக்கு, இயேசுவின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்று சந்தேகப்பட்ட தோமாவைத் தெரியாதா? அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டை போடாம என்னடி தோமையார்" என்று டிவியை அணைத்துவிட்டார். அந்த வீடியோ அந்த வருஷ எம்டிவி விருதுகளில் 6 வாங்கியது அம்மாவுக்குத் தெரியாது.

நிர்வாணா_ரசிகன்:
மன்னிக்கவும், எனக்குச் சலித்துவிட்டது. அதே 1991 செப்டம்பரில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்த பிறகு இந்த மாண்டலினை யார் கேட்டார்கள்?

எட்டுக்கம்பி:
யூடியூபில் நூறு கோடித் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் தம்பி.

அட்லாண்டாவாசி:
சண்டை வேண்டாம். 2024 ஜூனில் நியூயார்க்கில் நடந்த பாடலாசிரியர் விருது விழாவில் ஆர்.இ.எம். நால்வரும் மேடையேறினார்கள், பார்த்தீர்களா? 1997-லேயே விலகிப்போன டிரம்மர் பில் பெர்ரியும் வந்திருந்தார். 2011-இல் கலைந்த குழு. வாசித்தது ஒரே பாட்டு, இதுதான். அலுவலகத்தில் போனில் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒரு மீட்டிங்கையே கோட்டை விட்டுவிட்டேன். மேனேஜர் கேட்டபோது, அவர் ரிலிஜன் கிட்டத்தட்டப் போயிருந்தது.

எட்டுக்கம்பி:
அது இருக்கட்டும். சென்னையில் மாண்டலின் கம்பி எங்கே நல்லதாகக் கிடைக்கும்? நேற்று மேல் கம்பி மறுபடியும் அறுந்துவிட்டது.