புதுப்பிப்பு: பே டு பிரேக்கர்ஸில் புலி வேஷம் கட்டி ஓடியாச்சு

சான் பிரான்சிஸ்கோவின் பே டு பிரேக்கர்ஸ் ஓட்டத்துக்கு உடம்பில் வண்ணம் பூசிப் போகலாமா, 12 கிலோமீட்டருக்கு அது தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தாராளமாகப் போகலாம். தண்ணீரில் குழைக்கும் வண்ணம் வியர்வையில் வழியும் என்று எச்சரித்திருந்தீர்கள். அதனால் ஆல்கஹால் கலந்த வண்ணம் வாங்கி, முதல் நாளே முழங்கைக்குள் தடவி அரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். மஞ்சள் வண்ணம் காய்ந்த பிறகுதான் கறுப்புக் கோடு போட்டேன். ஹேய்ஸ் தெரு மேட்டில் மூச்சு வாங்கியது, ஆனால் கோடு ஒன்றுகூடக் கலையவில்லை. அக்குளில் மட்டும் பூசாதீர்கள், உரசி எரியும்.

தொடக்கத்தில், காத்திருப்பவர்கள் விளையாட்டாக வீசும் டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டிகள் தலைக்கு மேல் பறந்தன. ஆற்றில் எதிர்நீச்சல் போடும் சால்மன் மீனாக வேடமிட்டவர்கள் வழக்கப்படி எதிர்த்திசையில் வந்தார்கள். 1906 நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊரைத் தெம்பூட்ட 1912-இல் தொடங்கிய ஓட்டம் இது. அந்த உற்சாகம் இன்னும் அப்படியே இருக்கிறது!

அப்புறம், குழந்தைகளோடு போவதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஆடையில்லாமல் ஓடுபவர்களும் உண்டு. 2013 முதல் நகரில் பொது இடத்தில் நிர்வாணத்துக்குத் தடை இருந்தாலும், அனுமதி பெற்ற விழாக்களுக்கு விலக்கு இருக்கிறது. யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. வீட்டில் முன்கூட்டியே பேசிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

ஓட்டம் முடியும் ஓஷன் பீச் கடற்கரையில் குளிர்காற்று நடுக்கிவிடும், மேல்சட்டை கட்டாயம்.

அடுத்த மே மாதம், 13 பேர் பிணைந்து ஓடும் பூரான் அணிக்கு யார் வருகிறீர்கள்?