ரெப்ளிகாவை ஏற்றியதும் 2026 பிழை: எஸ்எஸ்எல்லை அணைப்பதா, மாஸ்டரைத் தொடுவதா?

ராத்திரிடூட்டி: மாஸ்டர் (டேட்டா எழுதப்படும் மூல சர்வர்) மைஎஸ்க்யூஎல் 5.7.22, டார் ஃபைலில் இருந்து யாரோ எப்போதோ நிறுவியது. ரெப்ளிகா (அதை நகலெடுக்கும் சர்வர்) 8.0.27 ஆக இருந்தவரை பிரச்சினை இல்லை. நேற்று இரவு அதை 8.0.36-க்கு ஏற்றினேன், அவ்வளவுதான். ஐஓ த்ரெட் (மாஸ்டரோடு இணைந்து மாற்றங்களை வாங்கும் பகுதி) ‘கனெக்டிங்’ என்றே நிற்கிறது, பிழை எண் 2026 (ஆண்டு இல்லை, எஸ்எஸ்எல் இணைப்புப் பிழை), கடைசியில் ‘அன்சப்போர்ட்டட் ப்ரோட்டோகால்’. பின்லாக் (ரெப்ளிகா படிக்கும் மாற்றப் பதிவு) மூன்று நாள்தான் வைத்திருக்கிறோம், அதில் ஒரு நாள் போய்விட்டது. ஃபயர்வால், பாஸ்வேர்டு எல்லாம் பார்த்தாயிற்று.

பழையகை: மாஸ்டர்_எஸ்எஸ்எல்=0 போட்டு, அதாவது இணைப்பை மறையாக்கும் எஸ்எஸ்எல்லை அணைத்துவிட்டு, ஸ்லேவை (ரெப்ளிகாவின் பழைய பெயர்) ஸ்டார்ட் செய்யுங்கள் தம்பி, ரெண்டு நிமிட வேலை. பிரைவேட் நெட்வொர்க்தானே? பாஸ்வேர்டும் அப்படியே போகாது, ஸ்க்ராம்பிள் ஆகித்தான் போகும். எஸ்எஸ்எல் லைப்ரரியால் ரெப்ளிகேஷன் நின்றதை நான் நிறையப் பார்த்துவிட்டேன், எஸ்எஸ்எல் இல்லாததால் நின்றதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கயல்: முதலில் காரணத்தைப் பார்ப்போமே. 5.7.28-க்கு முந்தைய கம்யூனிட்டி பில்ட்கள் பெரும்பாலும் யாஎஸ்எஸ்எல் என்ற சின்ன லைப்ரரியோடு வந்தவை, அதற்கு டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) 1.1-க்கு மேல் தெரியாது. 8.0.28-இல் 1.0, 1.1 இரண்டையும் தூக்கிவிட்டார்கள், மறைத்து வைக்கவில்லை, எடுத்தே விட்டார்கள், அதனால் கான்ஃபிக்கில் எதை எழுதினாலும் திரும்ப வராது. ஒருவருக்கு 1.1 வரைதான் தெரியும், இன்னொருவர் 1.2-க்குக் கீழே பேசமாட்டார். மாஸ்டர்_எஸ்எஸ்எல்=1 என்றால் ரெப்ளிகேஷன் தானாக வெறும் கனெக்‌ஷனுக்கு இறங்கியும் வராது, நின்றுவிடும். மாஸ்டரில் டிஎல்எஸ்_வெர்ஷன் வேரியபிள் என்ன சொல்கிறது?

ராத்திரிடூட்டி: 1, 1.1. அதோடு நிறுத்திக்கொண்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_க்ளையன்ட்டில் (இணைப்பைச் சோதிக்கும் கருவி) ஸ்டார்ட்டிஎல்எஸ் மைஎஸ்க்யூஎல் கொடுத்து 1.2 கேட்டுப் பார்த்தேன், ஹேண்ட்ஷேக்கிலேயே அறுகிறது. அப்புறம் பழையகை அண்ணன் சொன்னபடி எஸ்எஸ்எல்லை அணைத்தேன், இப்போது 1045, ஆக்சஸ் டினைட்.

பழையகை: யூசரை ‘ரிக்வயர் எஸ்எஸ்எல்’ (எஸ்எஸ்எல் இல்லாமல் உள்ளே விடாதே) என்று உருவாக்கியிருப்பீர்கள். மாஸ்டரில் ஆல்டர் யூசர் போட்டு ‘ரிக்வயர் நன்’ ஆக்குங்கள். மனசு கேட்கவில்லை என்றால் ரெப்ளிகாவை 8.0.27-க்கே இறக்கிவிட்டு பேக்கேஜை ஹோல்டில் போடுங்கள்.

கயல்: இறக்கச் சொல்வது ஆபத்து அண்ணே. 8.0.36 தொட்ட டேட்டா டைரக்டரியை 8.0.27-இல் திறக்க ஆதரவு கிடையாது, ஏற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்வது ஒன்றுதான் வழி. ‘ரிக்வயர் நன்’ விஷயத்துக்கு வருகிறேன். ரோ ஃபார்மேட் பின்லாக்கில் வரிசை வரிசையாக டேட்டாதான் போகிறது. எங்கள் ஆபீஸில் ஒரு தடவை எஸ்எஸ்எல் இல்லாத ரெப்ளிகேஷன் போர்ட்டில் டிசிபிடம்ப் (நெட்வொர்க்கில் போவதைப் பதிவு செய்யும் கருவி) ஓட்டி, ஃபைலை ஸ்ட்ரிங்ஸில் (எழுத்துகளை மட்டும் பிரித்துக் காட்டும் கருவி) விட்டுக் காட்டினேன். வாடிக்கையாளர் மொபைல் நம்பர், பக்கத்திலேயே மின்னஞ்சல், சந்தைக்கடை மாதிரி பரப்பி வைத்திருந்தது. பாஸ்வேர்டு ஸ்க்ராம்பிள் ஆகி என்ன பிரயோஜனம்? மாஸ்டரை 5.7.44-க்கு ஏற்றுங்கள், 5.7.28-இல் இருந்து எல்லா பில்டும் ஓப்பன்எஸ்எஸ்எல்தான்.

பழையகை: 5.7-க்கு 2023 அக்டோபரோடு ஆதரவே முடிந்தது, செத்த வெர்ஷனுக்கு ஏறச் சொல்கிறீர்கள். அதுவும் ஒரு ரெப்ளிகா நொண்டிக்கொண்டிருக்கும்போது மாஸ்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது எந்த ஊர் நியாயம்? மாஸ்டர் எழுந்திருக்காவிட்டால் யாரை ப்ரொமோட் செய்து புது மாஸ்டர் ஆக்குவது? நேற்றிலிருந்து பின்தங்கிக் கிடக்கும் இவரையா? சரி, டேட்டா தெரியக்கூடாது, அவ்வளவுதானே? எஸ்எஸ்எச் டனல் (இரண்டு சர்வருக்கு நடுவே மறையாக்கிய குழாய்) போடுங்கள். ரெப்ளிகாவில் ஒரு லோக்கல் போர்ட், அங்கிருந்து மாஸ்டரின் 3306. மாஸ்டரில் 127.0.0.1-க்கு மட்டும் புது யூசர், எஸ்எஸ்எல் கட்டாயம் இல்லாமல். கம்பியில் ஓடுவது மறையும், மாஸ்டரையும் தொடவேண்டாம்.

கயல்: ரீஸ்டார்ட் பற்றிச் சொன்னது நியாயம், அதை நான் யோசிக்கவில்லை. முதலில் டனல், ரெப்ளிகா மாஸ்டரை எட்டிப்பிடித்த பிறகு ரீஸ்டார்ட். ஆனால் டனலை நிரந்தரமாக விடாதீர்கள், எஸ்எஸ்எச் அறுந்தால் யாருக்கும் தெரியாமல் ரெப்ளிகேஷன் நிற்கும்.

பழையகை: அறுந்தால் தானாகத் திரும்ப இணைக்க ஆட்டோஎஸ்எஸ்எச் என்று ஒன்று இருக்கிறது.

ராத்திரிடூட்டி: டனல் போட்டேன், நாலு மணி நேரத்தில் லேக் (ரெப்ளிகா பின்தங்கியிருக்கும் நேரம்) பூஜ்யம். ஞாயிறு அதிகாலை மாஸ்டரை 5.7.44 ஆக்கி மைஎஸ்க்யூஎல்_அப்கிரேட் ஓட்டியாயிற்று. டனலை எடுத்துவிட்டு பழைய யூசரில் எஸ்எஸ்எல்=1 போட்டேன், டிஎல்எஸ் 1.2-இல் ஓடுகிறது. கயல் இன்னொரு இழையில் சொன்னபடி மாஸ்டர்_எஸ்எஸ்எல்_சிஏ-வும் (சர்வர் சர்டிஃபிகேட்டில் கையெழுத்திட்ட சிஏ எது என்று சொல்லும் அமைப்பு) சேர்த்தேன், மறுபடி 2026! இந்த முறை ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்’.

பழையகை: அப்படியானால் இத்தனை நாள் சிஏ கொடுக்கவே இல்லையா? எதிரில் இருப்பது யார் என்று கேட்காமலேயே ரகசியம் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதற்குத்தான் என்னிடம் அவ்வளவு சண்டையா?

கயல்: சிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரிடூட்டி, ஓப்பன்எஸ்எஸ்எல் வெரிஃபை ஓட்டுங்கள். ‘எரர் 18, செல்ஃப் சைன்ட்’ என்று வந்தால் சிஏ-வுக்கும் சர்வர் சர்டிஃபிகேட்டுக்கும் ஒரே காமன் நேம் (சர்டிஃபிகேட்டில் எழுதும் பெயர்) கொடுத்திருக்கிறார்கள், அது தன்னைத்தானே கையெழுத்திட்டது மாதிரி தெரியும்.

ராத்திரிடூட்டி: எரர் 18-தான். இரண்டிலும் சர்வர் பெயர். சிஏ-வின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன், உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

பழையகை: புது சிஏ போடுங்கள் தம்பி. அதுவரை எடுத்த டனலை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.