பை-ஃபியூயல், டூயல்-ஃபியூயல்: தமிழில் தனித்தனிச் சொல் வேண்டும்

பயிற்சி ஆசிரியர் எழுதியது:
நண்பர்களே, டீசல் மெக்கானிக் வகுப்புக்குப் புரொப்பேன் என்ற கேஸில் ஓடும் லாரிகள் பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பை-ஃபியூயல், டூயல்-ஃபியூயல் இரண்டையும் ‘இரட்டை எரிபொருள்’ என்றே எழுதிவருகிறோம். பை-ஃபியூயல் நம் கேஸ் ஆட்டோ மாதிரி. சுவிட்சைத் தட்டினால் பெட்ரோல், இல்லாவிட்டால் கேஸ். டூயல்-ஃபியூயல் லாரியில் எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு புரொப்பேன் கலந்து போகும். டீசல் சுமார் 210 டிகிரியில் தானாகப் பற்றிக்கொள்ளும், புரொப்பேனுக்கு 450-க்கு மேல் வேண்டும். கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, அந்த நெருப்பில்தான் கேஸ் எரிகிறது. டீசல் தீர்ந்தால் கேஸ் இருந்தும் வண்டி நின்றுவிடும். இது பெயரிலேயே தெரிய வேண்டும்.

தமிழாசிரியை:
ஐயா, ‘இரட்டை’யை எடுத்துவிட்டு ‘இரு எரிபொருள்’ என்று மட்டும் மாற்றிவிட வேண்டாம். உயிர் முன் ‘ஈர்’தான், ஈரெரிபொருள். டீசலும் புரொப்பேனும் என்று விரிந்தால் உம்மைத்தொகை. ‘பெட்ரோல் அல்லது கேஸ்’ என்று விரிய நமக்குத் தொகையே கிடையாது! ஆகவே டூயலுக்கு இணையெரி, பை-ஃபியூயலுக்கு மாற்றெரி என்று பிரிக்கலாம்.

தனித்தமிழ் அன்பர்:
‘மாற்று எரிபொருள்’ ஏற்கெனவே பெட்ரோல், டீசலுக்குப் பதிலானது என்ற பொருளில் இருக்கிறதே அம்மா, குழம்பும். அப்புறம், புரொப்பேனை ஏன் அப்படியே விடுகிறீர்கள்? அதன் வேர் கிரேக்கத்தில் ‘முதல்’, ‘கொழுப்பு’ என்ற இரண்டு சொற்கள். முதற்கொழுப்பியம் எனலாம். ‘எரி’யும் ‘எரு’வும் ஒரே வேர் என்பது என் துணிபு. வறட்டி தட்டி அடுப்பெரித்தவர்கள் நாம்.

பட்டறை நடத்துபவர்:
உருளையில் புரொப்பேன் என்றுதானே எழுதியிருக்கிறது? பையன் அதைப் படித்துத்தான் வால்வைத் திறப்பான். அதில் கை வைக்காதீர்கள். −42 டிகிரியிலேயே கொதிக்கும் சரக்கு அது. ரேடியேட்டர் தண்ணீர் சூடேறும் முன் கேஸைத் திறந்தால், அந்தச் சூட்டில் திரவக் கேஸை ஆவியாக மாற்றும் ஆவியாக்கி மேல் வெள்ளையாகப் பனி பூக்கும், பார்த்திருக்கிறேன். டூயலுக்கு என் சொல் ‘திரி’. வெடிக்குத் திரி மாதிரி அந்தக் கொஞ்சம் டீசல். அந்த டீசல் திரி டீசல், அந்த எஞ்சின் திரிபொறி. விளக்கவே வேண்டாம்.

தமிழாசிரியை:
‘திரி’ அருமை ஐயா, என் இணையெரியை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘திரிபொறி’ வினைத்தொகையாகி அலைந்து திரியும் பொறி ஆகிவிடும். ஒற்று போட்டுத் ‘திரிப்பொறி’ என்று அச்சிடுங்கள்.

தனித்தமிழ் அன்பர்:
பொறி என்றால் தீப்பொறியும்தானே? திரியிலிருந்து பறக்கும் பொறி என்று படிப்பார்கள்.

பயிற்சி ஆசிரியர்:
சரி. நேற்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ‘திரி டீசல்’ என்றதும் ஒரு மாணவன் எழுந்து, “அப்போ திரி இல்லாம கேஸ் பத்தாதா சார்?” என்றான். அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். வண்டிக்குத் ‘திரி எஞ்சின்’ என்றே போடுகிறேன். பை-ஃபியூயலுக்கு இந்தப் பதிப்பில் ‘மாற்றி ஓட்டும் வண்டி’.

தனித்தமிழ் அன்பர்:
‘எஞ்சின்’ எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்புக்குள் ‘பொறி’யின் குழப்பம் தீர ஒரு வழி எழுதி அனுப்புகிறேன்.