சரவுட்ஸிலிருந்து சுமாயாவுக்கு

குழு: நம்ம வீடு

கவி: சரவுட்ஸிலிருந்து சுமாயாவுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டோம். ஐந்து பேர். காலையிலேயே 31 டிகிரி.

அம்மா: அந்த ஊருக்கு பஸ் இல்லையா?

கவி: இருக்கிறது அம்மா. ஆனால் வழியில் வரும் கெட்டாரியா வரை கடலை ஒட்டியே நடைபாதை, நாலு கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் கார் ரோடு, மறுபக்கம் கைப்பிடிச் சுவர், கீழே அலை. நிழல் மட்டும் கிடையாது.

சூர்யா: ஸ்பெயின் என்றாலே வெயில்தானே, தெரிந்துதானே போனாய்?

கவி: இது வடக்குக் கரை, பாஸ்க் பகுதி. ஆகஸ்டில் கூட வழக்கமாக 25ஐ ஒட்டித்தான் இருக்கும், மழையும் வரும். தெற்குக் காற்று மலை தாண்டி இறங்கினால்தான் இப்படிக் கொளுத்தும். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸின் பியாரிட்ஸில் 2022 ஜூனில் 42.9 தொட்டது.

அம்மா: குடை எடுத்தாயா இல்லையா?

அத்தை: அவள் எங்கே குடை பிடிப்பாள் அண்ணி! கவி, எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டுக் குடி.

கவி: கெட்டாரியா வந்தாச்சு. மாமா, எல்கானோ பிறந்த ஊர் இது.

மாமா: அடடே! உலகத்தை முதன்முதலாகச் சுற்றிவந்த கடற்பயணத்தில் மெகல்லன் 1521இல் பிலிப்பைன்ஸிலேயே செத்துப்போனார். மிஞ்சிய ஒரே கப்பலை 1522இல் ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து சேர்த்தது எல்கானோ. பேரெல்லாம் மெகல்லனுக்கு! சிலை இருக்குமே, போட்டோ எடு.

கவி: சிலை வெயிலில் நிற்கிறது மாமா. நாங்கள் சர்ச்சுக்குள் ஒதுங்கியிருக்கிறோம். இதன் தரையே சரிவாக இருக்கிறது, நடந்தால் தெரிகிறது.

அத்தை: சாப்பிட்டீர்களா?

கவி: இங்கே ஹோட்டல் வாசலிலேயே கரியடுப்பு. முழு மீனைக் கம்பிக் கூட்டுக்குள் பூட்டித் திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள். அந்த அனலில் நிற்கிறவரைப் பார்த்த பிறகு வெயிலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. விலையைப் பார்த்துவிட்டு நாங்கள் உப்பு நெத்திலி, ஆலிவ், ஊறுகாய் மிளகாய் குத்திய குச்சியோடு நிறுத்திக்கொண்டோம்.

சூர்யா: கருவாடு தின்ன ஸ்பெயினா 😂

கவி: இனி ஐந்து மணிக்குத்தான் கிளம்புவோம். கூட வரும் பில்பாவோ ஊர்த் தோழியின் உத்தரவு. அடுத்தது சாகோலி ஒயினுக்கான திராட்சைத் தோட்டங்கள் வழியாகக் கல் பாவிய ஏற்றம்.

அம்மா: இருட்டிவிடாதா?

கவி: இங்கே இருட்டப் பத்து மணி ஆகும்.

அம்மா: கவி, எங்கே இருக்கிறாய்? மூன்று மணி நேரமாகச் சத்தமே இல்லை.

கவி: சுமாயா வந்துவிட்டோம். வழியில் காற்று சட்டென்று மேற்கிலிருந்து வீச ஆரம்பித்து, தோழியின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடல் முழுக்க வெள்ளை நுரை. வியர்வை காய்வதற்குள் குளிர ஆரம்பித்தது. கலெர்னா என்கிறார்கள். சூடான நாளில் திடீரென்று வரும், பத்து டிகிரிக்கு மேல் இறக்கிவிடும்.

மாமா: நடக்கிறவர்களுக்குச் சுகம்தான், படகில் இருப்பவனைக் கேட்டால் தெரியும். 1912 ஆகஸ்ட் புயலில் அந்தக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் போய்விட்டார்கள்.

அம்மா: எதற்கு இதெல்லாம் இப்போது சொல்கிறீர்கள்! கவி, ஸ்வெட்டர் போடு.

கவி: போட்டாச்சு. இந்தப் பாறைகளைப் பாருங்கள். வரிசையாக அடுக்கிய சிலேட்டுகளைச் சாய்த்துவிட்டது போல இல்லை? டைனோசர்கள் அழிந்த காலத்துப் படிவும் இந்தக் குன்றில் இருக்கிறது, 6.6 கோடி வருஷம். தண்ணீர் வற்றியிருப்பதால் கிட்டே போக முடிந்தது.

அத்தை: கல்லைப் பார்க்கவா வெயிலில் இத்தனை நடை?

கவி: நீங்கள் வந்தால் ரயிலில் கூட்டிவருகிறேன் அத்தை, சுமாயாவில் ஸ்டேஷன் இருக்கிறது. எங்கள் வண்டிக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் பேசுகிறேன்.